வள்ளியின் அரைஞாணில் மூன்று சீனக் காசுகள்

மெர்சிங் பஸ் காலை ஏழேகாலுக்குக் குளுவாங் சந்தைத் திடலிலிருந்து புறப்படும் என்று சொன்னார்கள். ஏழு மணிக்கே போய் நின்றோம். எட்டு மணிக்குத்தான் புறப்பட்டது. பெரியவர்களுக்குத் தலைக்கு ஒன்றரை வெள்ளி, குழந்தைக்கு முக்கால் வெள்ளி. தூரம் ஐம்பத்தாறு மைல். மூசா என்ற மலாய்க்காரர்தான் டிரைவர். கூரைமேல் கோழிக் கூடைகளை ஏற்றிக் கட்டிவிட்டு வந்து, என் மனைவி தனத்தையும் அவள் மடியில் இருந்த எங்கள் மகள் வள்ளியையும் மாறிமாறிப் பார்த்தார். புதிதாகப் பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். வள்ளி சீனப் பெண். ஆறு வயது. மூக்குத்தி குத்தி, ரெட்டைச் சடை போட்டு, நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தாள்.

"கம்பத்துல இருந்து வர்றவங்களா?" என்று மலாயில் கேட்டார் மூசா. கம்பம் என்றால் மலாய்க் கிராமம்.

"தோட்டம்," என்றேன்.

நான் குளுவாங்கிலிருந்து மூன்று மைல் தள்ளியிருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவேன், காய்ச்சலுக்குக் கொயினா கலக்கிக் கொடுப்பேன். ஊர் நாகப்பட்டினம். வந்து இருபது வருடமாகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிக் கொண்டிருந்த காலத்தில், தவ்கூ என்ற சோயாக் கட்டி விற்கும் ஒரு சீனக் கிழவி ஒரு மாதக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தனத்தின் கையில் வைத்தாள். "பொம்பளப் பிள்ளை. தாய்க்குப் பால் இல்லை. நீ வளர்ப்பியா?" என்று கேட்டாள். தனம் குழந்தையோடு உள்ளே போய்ப் பால் காய்ச்சினாள். கிழங்கு எடுத்த குழியில் கிடைத்த குழந்தையின் பெயரையே அவளுக்கு வைத்தோம்.

குழந்தையின் இடுப்பில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. அதில் மூன்று காசுகள். வட்டமானவை, நடுவில் சதுர ஓட்டை, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியவை, பச்சை பூத்தவை. வள்ளி வளர வளரத் தனம் நூலை மாற்றினாள். சிவப்பு நூல் போய்க் கறுப்பு அரைஞாண் வந்தது. காசுகளை மட்டும் கழற்றவில்லை. "பெத்தவ கட்டினது. நாம யாரு அவுக்க?" என்பாள். கிழவி அடுத்த வருடமே இறந்து போனாள். குழந்தை யாருடையது, எந்த ஊர் என்று அவளிடம் நாங்கள் கேட்டிருக்கவில்லை. கேட்கப் பயந்தோம் என்பதுதான் உண்மை.

அந்தக் காசுகளால்தான் இந்தப் பயணம் நேர்ந்தது. தை மாதம் வள்ளிக்கு நாலு நாள் விடாத காய்ச்சல். என் கொயினா வேலை செய்யவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் பார்த்துத் தனம் அவளைத் தூக்கிக் கொண்டு டவுனில் மருந்துக்கடை முதலாளி லிம் தவுக்கேயிடம் போய்விட்டாள். சீனர்கள் உடம்புச் சூட்டுக்கு எண்ணெய் தடவி, செப்புக் காசின் விளிம்பால் முதுகைச் சுரண்டுவார்கள். தோல் சிவந்து கன்றும், அதோடு சூடு இறங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தவுக்கேயும் அதைத்தான் செய்யப் போனார். தன் பெட்டிக் காசைத் தேடுமுன் குழந்தையின் இடுப்பில் இருந்ததைப் பார்த்துவிட்டார். அதைத் தொட்டவர், சுரண்டுவதை மறந்து குழந்தையையே விளக்கருகே தூக்கிப் போனாராம்.

செய்தி தெரிந்து நான் கோபமாகப் போனேன். தனம் பின்கட்டில் கஷாயம் காய்ச்சிக் கொண்டிருந்தாள். அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்து, தன் பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்து, பெஞ்சில் தூங்கிய வள்ளியின் காசுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"டிரெஸர், இதப் பாரு. என்னோடது மஞ்சளா இருக்கா? பின்னாடி மஞ்சு எழுத்து இருக்கா? இது மஞ்சு ராஜாக்கள் காலம். என் தாத்தா காலத்துல சந்தையில காய் வாங்கின காசு. இந்தப் பிள்ளையோடது அப்படியில்ல லா. இது சோங் காலம். எண்ணூறு வருஷம் இருக்கும், தொள்ளாயிரமும் இருக்கும்."

நான் நம்பவில்லை. அவர் பொறுமையாகக் காட்டினார். ஓட்டையைச் சுற்றி நான்கு எழுத்துகள். ஒரு ராஜா தன் ஆட்சியில் ஒரு காலத்துக்குச் சூட்டிய பெயர் இரண்டு எழுத்து, 'புழங்கும் செல்வம்' என்று இரண்டு எழுத்து. மூன்று காசிலும் ஒரே வாசகம்தான், ஆனால் ஒன்றில் பழைய முத்திரை எழுத்து, மற்ற இரண்டில் தூரிகை ஓடிய எழுத்து. அந்தக் காலத்தில் ஒரே காசை அப்படி இரண்டு கையெழுத்தில் வார்ப்பார்களாம். நம் ஊர்க் காசுபோல அச்சில் அடித்ததல்ல. வெண்கலத்தை உருக்கி மண் அச்சில் ஊற்றுவார்கள். மரக்கிளையில் காய்கள்போலக் காசுகள் ஒட்டியபடி வரும். உடைத்தெடுத்து, சதுரக் கம்பியில் கோத்து, உருளாமல் பிடித்து விளிம்பை அராவுவார்கள். அதற்குத்தான் அந்தச் சதுர ஓட்டை. பிறகு நூலில் கோத்து, ஆயிரம் காசு ஒரு சரம் என்று புழங்கினார்கள். காசை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ராஜாக்கள் தடை போட்டும் கப்பல்காரர்கள் கேட்கவில்லை. தென்கடல் துறைமுகங்கள் எல்லாம் இதை வைத்து வாங்கின, விற்றன.

"உங்க நாகப்பட்டினம் வரைக்கும் போன கப்பல்ல இது இருந்திருக்கும்," என்றார் தவுக்கே. பிறகு குரலைத் தாழ்த்திக் கொண்டார். "இன்னொண்ணு சொல்றேன். மண்ணுல புதைஞ்ச காசு பச்சை வேற. இது உப்பு தின்ன பச்சை. ஆறேழு வருஷம் முன்னாடி பழைய செம்பு வாங்குறவன் ஒருத்தன் இதே மாதிரி கட்டி கட்டியா கொண்டு வந்தான். மெர்சிங்ல ஒரு மீன்காரன் வலையில மாட்டிச்சுன்னான்."

அந்த வார்த்தையை நான் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். சித்திரையில் கப்பலேறி ஊருக்கே திரும்பிவிடுவது என்று அண்ணனுக்கு எழுதியாகியிருந்தது. வள்ளிக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று, தனம் சோறு வடிக்கும்போது முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"ஏங்க, கடல் தாண்டிக் கொண்டு போறோம். பெத்தவ எங்கேன்னு தெரியாத வரைக்கும் சரி. இப்பத் தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாமப் போனா அது களவுங்க."

"போய்ச் சொல்லுவோம். அவ பிள்ளையத் திருப்பிக் கேட்டா?"

அவள் கஞ்சியை வடித்து முடித்தாள். பானையை நிமிர்த்தினாள். 

எங்கள் தோட்டத்தில் முன்பு இருந்த வீராசாமி இப்போது மெர்சிங்கில் ரோட்டு வேலைக்காரர்களுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. அவருக்கு எழுதினேன். 'விசாரித்துவிட்டேன், அப்படி ஒரு குடும்பம் இருக்கிறது, வாருங்கள்' என்று மட்டும் பதில் போட்டிருந்தார்.

எட்டு மணிக்குப் புறப்பட்ட பஸ் ஒன்பதரைக்கு இருபதாவது மைலில் காகாங்கில் நின்றது. அதுவரை இரண்டு பக்கமும் ரப்பர். அதற்கப்பால் காடு. மரங்கள் ரோட்டின்மேல் குனிந்து வெயிலையே மறைத்தன. பஸ்ஸுக்குள் திடீரென்று குளிர்ந்தது. ஓரிடத்தில் மூசா வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார். ரோட்டின் நடுவே ஆவி பறக்க யானைச் சாணம். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பின்சீட்டில் பலாக் கூடையோடு இருந்த மலாய் மாது மட்டும் "அலமாக்..." என்று, ஐயோ என்பதுபோல, முணுமுணுத்தாள். வள்ளிக்கு யானையைப் பார்க்க ஆசை. "கூப்பிடுங்கப்பா, வரட்டும்," என்றாள். பஸ்ஸே சிரித்தது. மூசா வண்டியைக் கிளப்பினார்.

பதினொன்றரைக்கு ஜெமாலுவாங். அங்கிருந்து மெர்சிங் பதினேழு மைல். ஒரே ஒரு சீனக் காப்பிக்கடை. காப்பி மூன்று சென், தேங்காய்ச் சோறு ஒரு பொட்டலம் ஐந்து சென். தனம் எதையும் தொடவில்லை. வள்ளியின் சடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள். முடித்ததும் மறுபடி அவிழ்த்தாள். அம்மா வலிக்குது என்று குழந்தை சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று அப்போது அவள் சொல்லியிருந்தால் நான் உடனே சரி என்றிருப்பேன். அவளும் நான் சொல்வேனா என்று பார்த்திருக்கலாம்.

மெர்சிங் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே முக்கால். ஆற்றின் முகத்துவாரத்தில் படிந்து கிடக்கும் சின்ன ஊர். மரப்பாலத்திலிருந்து பார்த்தால் ஆறு முழுக்கப் படகுகள், அவற்றின் முன்முகப்பில் கண் வரைந்திருக்கிறார்கள். அப்பால் கடல், அதில் தீவுகள் நீலமாய் வரிசை கட்டி நிற்கின்றன. கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்றில் ஒருவரும் கடலுக்குப் போக முடியாதாம். நாங்கள் போனது மாசி. அப்போதுதான் படகுகளுக்குப் புதிதாய் எண்ணெய் பூசி இறக்கியிருந்தார்கள். கரையெங்கும் மூங்கில் தட்டுகளில் மீன் காய்ந்தது. நாகப்பட்டினத்து வாடையேதான். இருபது வருடம் கழித்து அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கியது. யாரும் பார்க்காமல் துடைத்துக் கொண்டேன்.

வீராசாமி பாலத்தடியில் காத்திருந்தார். "வாங்க டிரெஸரையா, வாம்மா. சாப்பிட்டுட்டுப் போலாமா?"

"முதல்ல பாத்துட்டு வந்திரலாம்ண்ணே," என்றாள் தனம்.

வழியில் அவர் சொன்னார். சீனரில் தியோச்சூப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். காசு வலையில் மாட்டியது உண்மைதான், ஊரே போய் வேடிக்கை பார்த்ததாம். புருஷன் போன வருட மழைக் காலத்துக்குச் சற்று முன், கடைசியாக ஒரு நடை என்று கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவளும் ஒரு மகளும் மீன் காயவைத்துப் பிழைக்கிறார்கள். "நீங்க வர்ற விஷயத்த நான் சொல்லலைங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஆற்றோரம் காலூன்றி நின்ற பலகை வீடு. வாசலில் பதினொரு வயது இருக்கும் ஒரு பெண் வலையைக் காலில் விரித்து முடிச்சுப் போட்டுக் கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.  வள்ளியை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் எப்படி இருப்பாளோ, அந்த முகம். வள்ளியும் அதைக் கவனித்திருக்க வேண்டும். தனத்தின் முந்தானைக்குள் போய் ஒளிந்து கொண்டு ஒரு கண்ணால் பார்த்தாள்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது, தொப்பியின் நாடா கன்னத்தில் அழுந்திய தடம். எங்களைப் பார்த்தாள், முந்தானைக்குள் இருந்ததைப் பார்த்தாள். நாங்கள் காசைக் காட்டவேயில்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக் கொண்டாள். பிறகு, "மாக்கான் சுடா?" என்றாள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் அடுப்பை ஊத ஆரம்பித்தாள்.

கஞ்சியும் பொரித்த கருவாடும் வைத்தாள். வள்ளிக்கு மட்டும் முள் எடுத்த மீன். ஆனால் குழந்தையைத் தொடவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்து அவள் பக்கம் மெல்லத் தள்ளினாள். பேச்செல்லாம் சந்தை மலாயில். எனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"இவ பிறக்க ஒரு வருஷம் முன்னால. தீவுப் பக்கம் வலை எதிலயோ மாட்டிச்சு. இழுத்தா பச்சைக் கல்லு மாதிரி. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சுத்தியலால தட்டினார், காசாக் கொட்டிச்சு. சிலது கையில பிடிச்சாலே பொடியாப் போச்சு. இனிமே நமக்கு நல்ல காலம்னு சிரிச்சார். செம்புக்காரன் கட்டி விலைக்கு வாங்கிட்டுப் போனான், ஒரு மாசம் அரிசி வந்துச்சு. அவ்வளவுதான். அப்புறம் மீனுக்கு விலை இல்ல. இவ பிறந்தா. எனக்குப் பால் வரல. ராத்திரி பகலா அழுதா. ஒரு நாள் அழுகை நின்னு போச்சு, அதுக்கும் தெம்பில்ல. அன்னிக்குத்தான் குளுவாங்ல இருந்து வந்திருந்த தவ்கூக் கிழவிகிட்ட கொடுத்தேன். நல்ல காசாப் பாத்து மூணு கட்டினேன். வேற என்ன இருந்துச்சு எங்கிட்ட?"

தனத்துக்கு மலாய் அரைகுறை. ஆனாலும் அழுது கொண்டிருந்தாள்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சித்திரையில் எங்கள் ஊருக்குப் போகிறோம், வள்ளியையும் கூட்டிப் போகிறோம், சொல்லிவிட்டுப் போக வந்தோம். ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி சொல்லிப் பழகிய குரலில் சொன்னேன்.

"உங்க ஊருக்குக் கப்பல் எத்தனை நாள்?" என்று கேட்டாள்.

"ஏழு நாள். காற்றைப் பொறுத்து எட்டும் ஆகும்."

 வெளியே வலை முடியும் பெண் கையை நிறுத்தியிருந்தது எனக்குத் தெரிந்தது.

"நான் திருப்பிக் கேக்கல. அவ இவங்கள 'அம்மா'ன்னு கூப்பிட்டா, கேட்டேன். நல்லா வளத்திருக்கீங்க. ஆனா கடல் வேணாம். என் வீட்டுக்காரர கடல் எடுத்துக்கிச்சு, ஒரு துணி கூடத் திரும்ப வரல. குளுவாங்னா எனக்குத் தெரியும். ரோடு இருக்கு. நாலு நாள் நடந்தா வந்துருவேன். பாக்கணும்னு இல்ல. நடந்தா வந்துரலாம்னு நினைச்சுக்கிட்டே இருந்துருவேன். ஏழு நாள் கடல்னா எப்படி நடக்குறது?"

நான் அவளுக்குச் சமாதானம் தேடிக் கொண்டிருந்தேன். கடிதம் போடுகிறோம், படம் பிடித்து அனுப்புகிறோம். அதற்குள் தனம் முந்தினாள். தனக்குத் தெரிந்த மலாய்ச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"தா பெர்கி," என்றாள். போக மாட்டோம். பிறகு தரையை உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள். "சினி." இங்கேதான்.

அந்தச் சீனப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆற்றோரம் ஒரு கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்தேன். கோபம்தான். மறைப்பானேன். இருபது வருடம் காய்ச்சலிலும் அட்டைக் கடியிலும் கிடந்தது ஒரு நாள் திரும்பிப் போகத்தான். அண்ணன் எனக்காகப் பின்கட்டில் ஒரு அறை போட்டிருந்தார். ஜன்னல் கிழக்கே வைக்கவா, தெற்கே வைக்கவா என்று கேட்டு எழுதியிருந்தார். இவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியும் யோசித்தேன், இப்படியும் யோசித்தேன். ஒரு மாதக் குழந்தையின் அழுகை நின்று போன அந்த நாளைத்தான் மனம் மறுபடி மறுபடி போய்த் தொட்டது. தெம்பில்லாமல் அழுகை நின்ற குழந்தைகளை ஆஸ்பத்திரியில் நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலையிலிருந்து திரும்பி வந்தவர்கள் குறைவு.

வீராசாமி வந்து பக்கத்தில் நின்றார்.  சுருட்டை நீட்டினார். நான் பிடிப்பதில்லை, வாங்கிக் கொண்டேன்.

அப்போது வள்ளி ஓடி வந்தாள். அவள் பின்னால் அந்தப் பெரிய பெண், கையில் வலை ஊசியோடு. பெயர் ஆ கிம். வள்ளி அவள் கையைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினாள்.

"அப்பா, இந்த அக்காவுக்குத் தமிழே வரலப்பா. 'தண்ணி' கூடத் தெரியல. நம்ம வீட்டுல வச்சு நான் சொல்லிக் குடுக்கட்டா?"

ஆ கிம் எதுவும் புரியாமல், ஆனால் பெரிய மரியாதையோடு, என்னைப் பார்த்துத் தலை குனிந்தாள். வீராசாமிக்கு இருமல் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. வள்ளி பயந்து போய் என் முழங்காலைக் கட்டிக் கொண்டாள்.

வள்ளியைக் கையில் பிடித்துக் கொண்டு உள்ளே போனேன். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். "சினி," என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அந்தச் சீனப் பெண் அப்போதுதான் எழுந்து வந்து, வள்ளியின் முன் குந்தி, அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை விரலால் எடுத்தாள். எடுத்த பருக்கையைத் தன் வாயில் போட்டுக் கொண்டாள்.

இரவு வீராசாமி வீட்டில் தங்கினோம். ரோட்டு வேலைக்காரர்களின் லைன் வீடுகளில் பன்னிரண்டு குடும்பம், எல்லோரும் தமிழர்கள். வீராசாமியின் மனைவி சுறாப் புட்டு செய்திருந்தாள். தனம் அன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். படுக்கும்போது, "உங்களக் கேக்காமச் சொல்லிட்டேன்," என்றாள். "கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேனோ," என்றேன். அதில் பொய் இல்லை.

மறுநாள் காலை ஏழரைக்குத் திரும்பும் பஸ். அவளும் ஆ கிம்மும் வந்திருந்தார்கள். பனையோலைப் பெட்டி நிறையக் கருவாடு, அதன்மேல் ஒரு துண்டுச் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. தனம் தீபாவளிக்கு வரச்சொல்லி எப்படியோ மலாயில் சொன்னாள். கூடவே விரலால் மாதங்களை எண்ணிக் காட்டினாள். அந்தப் பெண் தானும் எண்ணிப் பார்த்துத் தலையாட்டினாள். நான் அவளிடம், பஸ்ஸில் வரும்படியும் நடக்க வேண்டாமென்றும் மூன்று முறை சொன்னேன். அவள் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. வள்ளிக்குப் புதுப்பல் முளைக்கும்போது அதையும் பார்க்கலாம்.

அந்த ஊரைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது. தீவுக்குப் போகவில்லை. மீன் ஏலம் பார்க்கவில்லை. நாகப்பட்டினத்துக் கடலுக்கும் மெர்சிங் கடலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நம் கரையில் சூரியன் உதிப்பது போலவே இங்கும் கடலிலிருந்துதான் உதிக்கிறது என்பேன். அலை இங்கே அடக்கம். தீவுகள் தாங்கிக் கொள்கின்றன. நம் ஊரில் அப்படித் தாங்க ஒன்றுமில்லை, நேராகக் கரையில் வந்து விழும்.

ஒரு மணிக்குக் குளுவாங். மூட்டைகளை இறக்கிக் கொடுத்த மூசா, "பாலிக் ரூமா?" என்று கேட்டார். வீட்டுக்குத் திரும்பியாச்சா என்று அர்த்தம். இந்த நாட்டில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற சாதாரணக் கேள்வி. இருபது வருடமாக அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கப்பலும், நாகப்பட்டினத்துக் கலங்கரை விளக்கும் வந்து போகும். வாய் வேறெதையாவது சொல்லிச் சமாளிக்கும். அன்று வள்ளி தூங்கிப் போய் என் தோளில் கிடந்தாள். தனம் கருவாட்டுப் பெட்டியோடு மாட்டுவண்டி பேசப் போயிருந்தாள்.

"ஆமா," என்றேன். "மூணு மைல்தான்."